மூணு வாலு குடியிருந்த ஊற்று

"...தண்ணி டேப்பு வந்ததுக்கப்புறம் ஒருத்தரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல, அது நெசந்தான் மிஸ். அதுக்காக ஊத்து செத்துப் போச்சுன்னு இவனுங்க சொல்லிப்புட்டா ஆச்சா? என் கண்ணால பாக்காம நான் நம்ப மாட்டேன், ஆமா."

ஆட்டோவிலிருந்து நான் ஒரு காலைத்தான் தரையில் வைத்திருந்தேன். பரமேஸ்வரி அக்காவின் பேச்சுக்கு முன்னுரை கிடையாது. போன வாரம் போனில் எந்த இடத்தில் விட்டாரோ, அதே இடத்தில் பிடித்துக்கொள்வார். நாம்தான் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும், நோர்வூட்டில் நகரத் தொடங்கிவிட்ட பஸ்ஸில் தொற்றுவதுபோல.

விஷயம் இதுதான். அவர்களுடைய தேயிலைத் தோட்டத்தில் குப்பை கொட்ட இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கூட்டம். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறதே, அதில் கொட்டிவிடலாம் என்று முடிவெடுக்கப் போகிறார்கள். பள்ளத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. அது செத்த ஊற்றுதானே என்கிறார்கள். இல்லை என்று சொல்வது அக்கா ஒருவர்தான். தண்ணீரோடும் கழிவோடும் வேலைக்காலம் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு ஓய்வு பெற்றவள் நான் என்பதால், "நீங்க வந்து பாருங்க மிஸ்" என்று கூப்பிட்டார். வந்துவிட்டேன். ஹட்டனிலிருந்து என்ன பெரிய தூரம்? முழங்கால்தான் கொஞ்சம் முணுமுணுத்தது.

பள்ளத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் பாதிவரை பன்னச்செடி மூடியிருக்கிறது. அதை விலக்கியதும் ஒரு வாசனை வந்தது. பாசி, ஈரக்கல், அதற்கடியில் எங்கோ சிவப்புச் சவர்க்காரம். இங்கே யாரும் துணி துவைத்து எத்தனையோ வருஷமாகிறது, சவர்க்கார வாசனை வர வழியே இல்லை. மூக்கு அதுவாகச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூக்கை நம்பி ஆராய்ச்சி செய்யக் கூடாது என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவள் நான்.

அந்த வாசனையோடு கூடவே வந்தது இனாமல் தட்டு.

முதல்முதலாக இந்தப் பாதையில் நான் இறங்கியபோது கையில் ஒரு வெள்ளை இனாமல் தட்டும் தேத்தண்ணி வடிகட்டுகிற வடியும் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஓடைப் பூச்சிகளைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. ஒரு பழைய புத்தகம், ஒரு பூதக்கண்ணாடி, மிச்சத்தை நானே தட்டித்தடவிக் கற்றதுதான். கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருப்பதை வடியால் அள்ளி, வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்ப்பேன். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த அப்பா, வாடிக்கையாளர்களிடம் "படிக்க வச்சேன், இப்ப போயி ஓடையில நிக்கிறா" என்று பெருமையா வருத்தமா என்று தெரியாத குரலில் சொல்வார்.

பள்ளத்துக்குக் கீழே, ஊற்றுத்தண்ணீர் பீலிக் குழாய் வழியாக விழுகிற இடத்தில் பெண்கள் குடத்தோடு வரிசையாக நிற்பார்கள். என் தட்டைப் பார்த்ததும் ஒருத்தி கேட்டாள்:

"தட்டு விக்க வந்தீங்களா?"

"இல்லைங்க, தண்ணில பூச்சி பாக்க வந்தேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. "எங்க தண்ணில பூச்சியெல்லாம் கெடையாதுங்க. துணியில வடிகட்டித்தான் குடிக்கிறோம்" என்று ஓர் அம்மா கோபித்துக்கொண்டார். பூச்சி இருந்தால்தான் அம்மா ஓடை நன்றாக இருக்கிறதென்று அர்த்தம், குடிப்பதற்குக் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்தப் பூச்சி காணாமல்போனால் மட்டும் பயப்படுங்கள் என்று நான் விளக்கினேன். விளக்கிக்கொண்டே பாசியில் வழுக்கித் தட்டோடு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து நான் பூச்சி மிஸ்.

தூக்கிவிட்ட கை பரமேஸ்வரி அக்காவுடையது. மேல் லயத்துக்காரர், கொழுந்து பறிக்கிறவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தூக்கிவிட்ட கையோடு தட்டையும் வாங்கிப் பார்த்தார். வாலில் மூன்று இழை பிரிந்த ஒரு பூச்சி அதில் நெளிந்துகொண்டிருந்தது. இங்கிலீஷிலும் லத்தீனிலும் அதற்கிருந்த பெயர்களை நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"மூணு வாலு" என்று முடித்துவிட்டார் அக்கா. அதன் பிறகு என் குறிப்புகளிலும் அது மூணு வாலுதான்.

இன்னொன்று மணலையும் பொடிக்கல்லையும் ஒட்டித் தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டிக்கொண்டு, கூட்டோடு நகர்வது. அதை அக்கா வெகுநேரம் பார்த்தார்.

"இது அதோட சொந்த வீடா மிஸ்?"

"ஆமாங்க, அதுவே கட்டினது."

அக்கா வரிசைப் பக்கம் திரும்பினார். "பாத்தியாடி! இத்துனூண்டு பூச்சிக்குச் சொந்த வீடு. நமக்கு நாலு தலமொறையா லயத்துக் காம்பரா."

அவர் சொன்ன இப்படிப்பட்டவற்றைச் சேர்த்தால் நான் எழுதிய அறிக்கைகளைவிடப் பெரிதாக வரும், படிக்கவும் ஆளிருக்கும். ஒருமுறை இந்த ஓடை எங்கெங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆற்றில் சேர்ந்து, நீர்த்தேக்கத்தில் தங்கி, கடைசியில் பொல்பிட்டியவில் கரண்ட் ஆகிறது என்றேன். அக்கா யோசித்துவிட்டு, "அப்ப கொழும்புல லைட்டு எரியிறதுல நம்ம மூத்திரமும் இருக்குன்னு சொல்லுங்க" என்றார். சுகாதாரம் பற்றி அதன் பிறகு நான் பேசிய எந்த மேடையிலும் அந்த வாக்கியத்தைச் சொல்லத் துணிவு வந்ததில்லை. நாக்கு நுனிவரை வரும்.

மூத்திரம் என்றதும் அந்தச் சண்டைக்கு வந்துதான் ஆகவேண்டும்.

மேல் லயத்துக்கு அப்போது கக்கூஸ் கிடையாது. பழையது இடிந்து விழுந்து, புதியதைக் கேட்டுக்கேட்டு அலுத்து, ஒருவழியாக மஞ்சூர் ஆகியிருந்தது. நான் ஒருநாள் வந்து பார்க்கையில் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஊற்றுக்கு நேர் மேலே உள்ள சரிவில். அந்த ஊற்றைத்தான் கீழ் லயம் முழுக்கக் குடிக்கிறது. குழி நிறைந்தால் எங்கே இறங்கும் என்று யோசித்ததும், "நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன்.

மண்வெட்டிகள் நின்றன. அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"ஒங்க வீட்டுல கக்கூஸ் இருக்கா மிஸ்?"

"இருக்குங்க."

"உள்ளயா, வெளியவா?"

"...உள்ள."

"காலைல வயித்தப் புடிச்சிக்கிட்டு பேர் குடுக்க பெரட்டுக்கு நின்னுருக்கீங்களா? மழையில, அட்டைக் கடியில, எவனும் வர்றானான்னு பாத்துக்கிட்டே தேயிலைக்குள்ள உக்காந்துருக்கீங்களா? என் மக வயசுக்கு வந்தவ. அவள நான் எங்க அனுப்புவேன்? இத்தன வருசம் கழிச்சு இன்னிக்கித்தான் வெட்டுறோம். பூச்சிக்காக நிறுத்தச் சொல்றீங்க."

பூச்சிக்காக இல்லை, கீழ் லயத்துப் பிள்ளைகளுக்காக என்றேன்.

"மண்ணு குடிச்சிரும்" என்றார். "எவ்வளவு மழ பேஞ்சாலும் இந்த மண்ணு குடிச்சிருது."

வேலையை மேற்பார்த்த கண்டாக்கு ஐயாவும் அதையே சொன்னார். வேலை இப்போது நின்றால் கக்கூஸ் வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்றும் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டையில் நடுவில் நிற்பதுபோல் கஷ்டம் வேறில்லை. அதிலும் கையில் தேத்தண்ணி வடியோடு நிற்பது!

"ஒரு நாள் மட்டும் குடுங்கக்கா" என்று கேட்டுவிட்டேன்.

ஓடைத்தண்ணீர் எங்கே போகிறதென்று பார்க்க நாங்கள் ஒரு பச்சைச் சாயம் வைத்திருப்போம், யாருக்கும் கெடுதல் செய்யாதது. கீழ் லயத்தில் வீடுவீடாகப் போய் குடிக்கிற தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைக்கச் சொன்னேன். பாதி வெட்டியிருந்த குழியில் சாயத்தைக் கரைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். அக்காவும் ஊற்றினார். "மண்ணு குடிக்குது பாருங்க" என்று ஒவ்வொரு வாளிக்கும் சொன்னார். நிஜமாகவே குடித்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம், கொழுந்தை எடை நிறுத்துவிட்டுப் பெண்கள் திரும்புகிற நேரம், பீலியில் தண்ணீர் பச்சையாக விழுந்தது. பொன்னாங்கண்ணிக் கீரைப் பச்சை இல்லை, கண்ணைப் பறிக்கிற பச்சை. வரிசையில் ஒருவரும் குடத்தை நீட்டவில்லை. கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே அக்கா விரலை அந்தத் தண்ணீரில் நீட்டி எடுத்துப் பார்த்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார். "எங்க வெட்டக் கூடாதுன்னு காட்டிட்டீங்க. சரி. எங்க வெட்டணும்னு சொல்லுங்க."

வேலைக்காலம் முழுவதற்கும் எனக்குக் கிடைத்த ஒரே கேள்வி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. மற்றதெல்லாம் அதன் கிளைகள்.

நானும் கண்டாக்கு ஐயாவும் மலைமுகடு முழுக்க நடந்தோம். பாறை, தேயிலை, மறுபடி பாறை. தண்ணீர் அந்தப் பக்கமாக இறங்குகிற, ஊற்றுக்குச் சம்பந்தமில்லாத, மண் ஆழமான இடம் ஒன்றே ஒன்று இருந்தது. லயத்துக்குப் பின்னால் அக்காவின் லீக்ஸ் பாத்தி, வெங்காயத்தாள் ஜாதி. முதுகு ஒடியக் கொத்தி, சாணி போட்டு, பனிக்கு மூடி வளர்த்தது. இன்னும் கொஞ்ச நாளில் பிடுங்கலாம். நான் அதன் ஓரத்தில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டேயிருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார்.

"இதச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா இருமுறீங்களா?" என்றார். "குடிக்கிற தண்ணிக்கு மேல பேளச் சொல்லி நான் எம் மகளுக்குச் சொல்லித்தரல." குனிந்து முதல் லீக்ஸைப் பிடுங்கினார். பிடுங்கி என் கையில் கொடுத்தார். "புடிங்க, சும்மா நிக்காதீங்க." சாயங்காலம்வரை பிடுங்கினோம். அந்த வாரம் இரண்டு லயத்திலும் லீக்ஸ் கறிதான். என் புடவையில் வாசனை ஹட்டன்வரை வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஓடை, எத்தனையோ குழி. நகரக் குப்பை மேடுகள், உரக்கிடங்குகள், நுரை பொங்குகிற வாய்க்கால்கள். எந்தக் கூட்டத்திலும் 'இங்கே கூடாது' என்று மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்ததில்லை. லீக்ஸ் வாசனை விடாது.

இப்போது பன்னத்தை விலக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டோம். பீலி இல்லை, அது நின்ற கல் மட்டும் இருக்கிறது. வரிசை இல்லை. அந்த வரிசையில் பிறந்த பேச்சும் போய்விட்டது, டேப்படியில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. திருவிழாவுக்குக் கரகக் குடத்தில் நீர் எடுத்துப் பாலிப்பதும் இப்போது தண்ணீர் டேங்கியடியில்தானாம். கண்டாக்கு ஐயா காலமாகிவிட்டார். கக்கூஸ் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அது போகட்டும், அதற்காக ஒருவரும் அழ வேண்டாம். ஆனால் ஊற்றுக்கண்ணில் ஷொப்பிங் பைகள், பிஸ்கட் உறை, பிள்ளைகளுக்குக் கட்டிக் கழற்றிய நாப்கின். அவற்றுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. விரல் தடிமனுக்கு, ஆனால் ஓடுகிறது.

நான் குந்தி உட்கார்ந்து கைக்கெட்டிய ஒரு கல்லைப் புரட்டினேன். சேறு, அதில் சிவப்புப் புழு. அழுக்குத் தண்ணீரில் குடியிருப்பது அது. மூணு வாலு இல்லை. அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று தொண்டையைச் செருமினேன்.

"இருமாதீங்க மிஸ்" என்றார்.

முந்தானையை இடுப்பில் செருகி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரில் இறங்கினார். பைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் போட்டார். பிறகு மேலே, ஊற்று கசிகிற வாயருகே போய் ஒரு கல்லைப் புரட்டி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். இல்லை. நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி, எந்தப் பக்கம் அடியில் இருந்ததோ அந்தப் பக்கம் அடியில் வருகிற மாதிரி கல்லை அதே குழியில் பதமாக வைத்தார். வைத்துவிட்டு, அடுத்த கல்லைப் புரட்டினார்.