ப என்றும் ம என்றும்

மைசூரில் நான் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பள்ளியில் தமிழுக்கென்று இருந்தது ஒரே ஒரு சின்ன வகுப்பு. மற்றதெல்லாம் கன்னடம். ஜவுளிக்கடைக்காரர்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், பட்டாளத்துக்காரர்கள் வீட்டுப் பெண் குழந்தைகள் அதில் படித்தார்கள். மகாராஜா ஆட்சிக் காலம். பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டு வந்த இளம் வாத்தியாரம்மா என்றாலே ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். போதாததற்கு நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த விதமும் அவர்களுக்குப் புதிது.

அதுவரை பிள்ளைகள் எழுத்தின் பெயரைத்தான் மனப்பாடம் செய்தார்கள். பானா, டானா, இம்மன்னா என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். மூன்றையும் சேர்த்து வாசி என்றால் விழிப்பார்கள். நான் பெயர்களை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்துக்கொண்டேன். உதட்டை மூடித் திற, ப. உதட்டை மூடிக்கொண்டே முனகு, ம். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது, வீட்டிலும் விளையாடினார்கள். ஒரு தகப்பனார் நேராக வகுப்புக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா இது? எம் பொண்ணு சாப்பிடறப்ப கூட ப்பு ப்புன்னு ஊதிக்கிட்டிருக்கா. எழுத்து எப்ப சொல்லித் தருவீங்க?"

இது பாதிரிமார் பள்ளிக்கூடத்து வழி, பிள்ளைகளை மெதுவாக மதம் மாற்றப் பார்க்கிறாள் என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியவில்லை. அதனால் யாரைப் பார்த்தாலும் இவராக இருக்குமோ என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தாய் தினமும் பள்ளியில் வந்து உட்காரத் தொடங்கினாள். அவளுக்குக் கொள்ளேகால் பக்கம். புருஷன் ஊருக்குள் மர மண்டி வைத்திருந்தார். காலையில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, என் வகுப்பு ஜன்னலுக்கு நேரே மர நிழலில் உட்கார்ந்துவிடுவாள். அவரைக்காய்க் காலமாதலால் மடியில் ஒரு முறம் இருக்கும். ஊறவைத்த கொட்டையைத் தோல் பிதுக்கி எடுத்துக்கொண்டே இருப்பாள். கை அதன் பாட்டுக்கு வேலை செய்யும், கண் மட்டும் ஜன்னலில்.

தலைமை ஆசிரியைக்கும் அது பிடிக்கவில்லை. அவர் கன்னடக்காரர், என்னிடம் பாதித் தமிழில் பேசுவார். "நோடம்மா, இங்க பாருங்க, அந்தம்மா எதுக்கு தினா வர்றாங்க? யாரோ அனுப்பிச்சிருக்காங்க. ஜாக்ரதெ."

நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் என்ன சொல்கிறேன், சாமி பெயர் எதையாவது எடுக்கிறேனா என்று பார்த்துப் போய்ச் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அவளிடமே கேட்டேன்.

"வீட்டுக்குப் போகலாமே அம்மா. சாயங்காலம் வந்தால் போதும்."

"இல்லீங்க. புள்ள அழுவா."

அந்தப் பெண் அழுகிற ரகமே இல்லை. ஆறு வயது இருக்கும். பேச்சு கொஞ்சம் மூக்கில் வரும், சில சமயம் தேவைக்கு மேல் சத்தமாகவும் வரும். முதல் வரிசையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மற்ற பிள்ளைகள் காக்கையைப் பார்க்கும், பக்கத்துப் பெண்ணின் வளையலைப் பார்க்கும். இவள் கண் என் வாயை விட்டு நகராது. நான் சொல்லி முடிப்பதற்குள் திருப்பிச் சொல்லிவிடுவாள். தாய் பொய் சொல்கிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் திடீரென்று பெருமழை. எங்கள் வகுப்புக்குத் தகரக் கூரை. நான் கத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அவ்வளவு இரைச்சலிலும் அந்தப் பெண் மட்டும் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உரத்த குரலில் நிதானமாகத் திருப்பிச் சொன்னாள். இது எப்படி முடியும்?

மறுநாள் சிலேட்டில் எழுதச் சொல்லிப் பார்த்தேன். முன்னால் நின்று 'மணி' என்றேன். அவள் 'படி' என்று எழுதினாள். 'மணம்' என்றேன், 'படம்' என்று எழுதினாள். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து எழுதினாளோ என்றால் பக்கத்தில் இருந்தவள் சரியாக எழுதியிருந்தாள். வகுப்பில் வேறு யாரிடமும் அந்தத் தப்பு இல்லை. அடுத்த சொல்லை வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே சொன்னேன். அவள் பலப்பத்தைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். பிறகு தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். மர நிழலில் இருந்த தாய் கையில் இருந்த கொட்டையை விட்டுவிட்டு, சத்தமே இல்லாமல் வாயை அசைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே வெளியே போனேன். "இதுக்காகத்தான் உட்கார்ந்திருக்கீங்களா? நீங்க சொல்லிக்கொடுத்து அவ எழுதறதுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?"

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. முறத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே வந்து மகளின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவரும் வரவில்லை.

தலைமை ஆசிரியை நல்லதாயிற்று என்றார். எனக்கு என்னவோ அப்படி விட முடியவில்லை. தாய் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து எழுதியதாக இருந்தால் தப்பு ஏன் அப்படி வர வேண்டும்? ஒரு காலையில் தலை வாரிக்கொண்டிருக்கும்போது கண்ணாடி முன்னால் 'மணி' என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு 'படி'. உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடித் திறந்தது. மணம், படம். கண்ணாடியில் இருந்த வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்குக் காது கேட்கவில்லை. மழை இரைந்தாலும் இரையாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். புருஷன் வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். "யார் அனுப்பிச்சாங்க உங்கள?"

"யாரும் இல்லை. குழந்தை ஏன் வரவில்லை என்று..."

"எம் பொண்ணுக்கு ஒரு குறையும் கெடையாது. உடம்பு சரியில்ல, அவ்வளவுதான்."

நான் குறை என்ற சொல்லையே எடுக்கவில்லை. அவரும் எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் காலடிச் சத்தம். தாய்தான், கையில் குடத்துடன்.

"கண்டுபுடிச்சுட்டீங்களாக்கும்?" என்றாள்.

"எப்போதிருந்து?"

"மூணு வயசுல காச்சலுங்க. அதுக்கப்புறம் கூப்புட்டாத் திரும்பறதில்ல. பேச்சு வந்துருந்துச்சுல்ல, அத விட்றக் கூடாதுன்னு தெனம் எம் மூஞ்சியப் பாக்க வெச்சுப் பேசிக்கிட்டே இருந்தேன். அவருக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா மூலைல உக்கார வெச்சுருவாரு. நீங்க யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இல்லை."

"தலைமையம்மாகிட்ட?"

"இல்லை என்கிறேனே. நாளைக்கு அழைத்துக்கொண்டு வாருங்கள். வெளியில் வேண்டாம், உள்ளே வந்து உட்காருங்கள்."

வந்தாள். ஆனால் என்னை அவள் நம்பவில்லை. நான் ஆசிரியர் அறைக்குப் போய்வந்தால் யாரிடம் என்ன பேசினேன் என்று என் முகத்தில் தேடுவாள். காது கேளாத பிள்ளைகளுக்கு ஊரில் தனிப் பள்ளி இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். "ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரி ஆயிருமுங்க" என்று எழுந்தே விட்டாள்.

அவளைத் தனியாகக் காட்டிக்கொடுக்காமல் இருக்க வகுப்பு முழுவதற்கும் ஒரே பாடம் வைத்தேன். எல்லாரும் வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடிக்க வேண்டும். ப சொன்னால் காகிதம் துள்ளும், ம சொன்னால் துள்ளாது. எல்லாரும் மூக்கின் மேல் விரல் வைக்க வேண்டும். ம, ண, ந வந்தால் மூக்கு அதிரும். பிறகு அதுவே ஒரு ஜாடையாயிற்று. நான் ஒரு சொல்லைச் சொல்லும்போது மூக்கைத் தொட்டுக்கொண்டால் அது மணி, தொடாவிட்டால் படி. அந்தப் பெண் முதல்தடவை 'மணி' என்று பிசகில்லாமல் எழுதிவிட்டு, தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஒருநாள் வாசல் வெளிச்சம் மறைந்தது. திரும்பிப் பார்த்தால் மர மண்டிக்காரர் நிற்கிறார். தாய் சட்டென்று எழுந்து நின்றாள். அவர் உள்ளே வந்து மகளின் முதுகுக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். இன்னொருமுறை, இன்னும் உரக்க. எல்லாப் பிள்ளைகளும் திரும்பின, அவளைத் தவிர.

"எனக்குத் தெரியும்" என்றார் மனைவியைப் பார்த்து. "போன வருஷத்துலேருந்தே தெரியும். பின்னாலேருந்து கூப்புட்டா அது திரும்பாதத நான் பாக்கலயா? உனக்குத் தெரியாது, தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிருவேன்னு வாய மூடிக்கிட்டிருந்தேன்."

"எனக்குத் தெரியாதா? நாந்தான் உங்களுக்குத் தெரியாதுன்னு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் ஒளித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் உளவு பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவர் மகளின் முன்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தார். அவள் தகப்பனைப் பார்த்ததும் சிலேட்டைத் தூக்கிக் காட்டினாள்.

நாலாம் வகுப்பு வரை அவள் எங்களிடம் படித்தாள். தனிப் பள்ளிக்கு அனுப்பத் தகப்பனாரும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. வீட்டில் இருந்துகொண்டே கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகத்தையெல்லாம் படித்தாள். பல வருஷம் கழித்துத் தாய், மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள். மாப்பிள்ளை கொள்ளேகாலில் அவள் உறவில் ஒரு பையன்.

"சொல்லிட்டீங்களா அவங்ககிட்ட?" என்று கேட்டேன்.

"எல்லாஞ் சொல்லியாச்சுங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இத்தனை வருஷம் மறைத்தவர்கள். கல்யாணத்துக்குப் போய் அந்தப் பையனையே கவனித்துக்கொண்டிருந்தேன். பந்தியில் சாப்பாடு முடிந்து கல்யாணப்பெண் உறவுக்காரப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவன் பின்பக்கமாக வந்தான். ஏதோ கேட்க வேண்டும் போல. பின்னாலிருந்து கூப்பிடவில்லை, தோளைத் தொடவும் இல்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றான். அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து, பிறகு வாயைத் திறந்து நிதானமாகப் பேசினான்.