வந்துட்டேன்

கேள்வி திரையில் விழுந்ததும் பிரேமினி முதலில் செய்கிற காரியம், கீபோர்டைக் குப்புறக் கவிழ்த்து வைப்பதுதான். ஞாயிறென்றும் பாராமல் கடைக்கு ஃபோட்டோகொப்பி எடுக்க வந்தவர்கள் மிசின் பழுதாகிவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போனதும் உண்டு. "கையி சும்மா இருக்காதுங்க. கேள்விய பாதி வாசிக்கையிலேயே பதில் எழுதப் போயிரும். அதான் கவுத்துப் போட்டேன்" என்பாள். முழுக் கேள்வியையும் வாசித்து, வாசித்ததைத் தனக்குத்தானே தமிழில் சத்தமாகச் சொல்லிப் பார்த்த பிறகுதான் கீபோர்டு மல்லாக்கத் திரும்பும்.

அந்தத் தமிழையும் கேட்க வேண்டும். 'ஒரு ராஜாவிடம் பல நகரங்கள்' என்று இங்கிலீஸில் இருப்பது அவள் வாயில் 'ஒரு தொரைக்கு நெறைய லயம்' ஆகிவிடும்; தேயிலைத் தோட்டத்தில் ராஜா என்றால் தொரைதான், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுதான் லயம். ராஜா நகரத்துக்கு நகரம் சாலை போடச் சொன்னால், இவள் லயத்துக்கு லயம் தண்ணிக் குழாய் இழுப்பாள். கணக்கில் மட்டும் குழாய் அன்றைக்கே வந்து சேர்ந்துவிடும்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு இறங்குகிற வழியில் ஒரு கொமியூனிகேஷன் கடை. கிழமை நாட்களில் அங்கே ஃபோட்டோகொப்பி, ஃபோன் ரீலோட், அடையாள அட்டைக்குப் படம். ஞாயிறு மத்தியானம் முதலாளி சோறு தின்று குறட்டை விடுகிற நேரத்தில் கடைக் கணினி அங்கே வேலைக்கு நிற்கிற பிரேமினியுடையது. இணையத்தில் நடக்கிற புரோகிராம் போட்டிகளில் அவள் உட்காருவது அப்போதுதான். கேள்வி வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு புரோகிராம் எழுதி அனுப்ப வேண்டும். எங்கேயோ இருக்கிற மிசின் ஒன்று அதை ஓட்டிப் பார்த்து, சரி என்றால் பச்சை காட்டும், பிழை என்றால் சிவப்பு. பாதி சரி என்றால் பாதிப் புள்ளி. இந்தப் பாதிப் புள்ளிக்கு அவள் வைத்திருக்கிற பெயர் 'அரைப்பேர்'. பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் தோட்டத்தில் அரைநாள் சம்பளத்துக்குத்தானே பேர் போடுவார்கள், அதே பேர்.

இணையம் வருவது ஜன்னலுக்கு வெளியே தொங்கும் பால்மா டின்னுக்குள் இருந்து. டின்னுக்குள் டொங்கிள் குந்தியிருக்கும். மூடுபனி வந்தால் சிக்னல் போய்விடும். அப்போது பிரேமினி ஜன்னலைத் திறந்து டின்னை ஒரு தட்டு தட்டுவாள். டின் தட்டினால் சிக்னல் வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் வருகிறது.

புதிதாகப் போட்டிக்கு வருகிறவர்களுக்காக 'பச்சை' என்று ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருக்கிறாள். புத்தியெல்லாம் குரல் பதிவாகவே போகும், பின்னால் ரயில் கூவும் சத்தத்தோடு. "லேசான கணக்க மொதல்ல போடுங்க. கஸ்டத்துக்கு வீரம் காட்டப் போயி லேசையும் வுட்டுறாதீங்க." "அடுத்தவ கூடைய பாக்காதீங்க. அவ எத்தனாவது எடத்துல நிக்கிறான்னு பாத்தா நம்ம கொழுந்து கூடுமா?" "வெறுங்கூடைய வச்சும் நிறுத்துப் பாருங்க. ஒன்னுமே இல்லன்னாலும் ஒங்க புரோகிராம் பதில் சொல்லணும்." "போட்டி முடிஞ்சோன்ன படுத்துறாதீங்க. வுட்ட கணக்க திங்கக்கெழம திரும்பப் போடுங்க, அதுலதான் படிப்பு கெடக்கு."

குழுவிலேயே மூத்த புதுமுகம் ஆட்டோ ஓட்டுகிற அழகுமுத்து. நரைத்த மீசை, ஸ்டேஷன் முன்னால் ஸ்டாண்ட், சவாரி இல்லாத நேரமெல்லாம் கையில் ஃபோன். முதல் போட்டியில் இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னார்கள். அழகுமுத்து எழுதிய புரோகிராம், "வணக்கம் ஐயா. தயவுசெய்து முதல் இலக்கத்தைத் தரவும்" என்று ஆரம்பித்தது. சிவப்பு. மரியாதை போதவில்லை போல என்று நினைத்து, கடைசியில் "மிக்க நன்றி ஐயா" சேர்த்து அனுப்பினார். மறுபடியும் சிவப்பு. கொதித்துப்போய்க் கடைக்கே வந்துவிட்டார்.

"என்னா டீச்சர், மருவாதி குடுத்தது தப்பா?"

"அண்ணே, அங்கிட்டு ஐயாவும் இல்ல, தொரையும் இல்ல. அது மடுவத்துல கொழுந்து நிறுக்கிற தராசு மாதிரி. தராசுக்கு வணக்கம் வச்சா நிறை கூடுமா?"

"கூடாது. ஆனா நிறை எழுதுற கண்டாக்கு பக்கத்துல நிப்பாரே?"

"இங்க கண்டாக்கே இல்லண்ணே. கேட்டத மட்டும் வைங்க. ஒரு சொல்லு கூடுனாலும் பிழைதான். தராசோட பேசாதீங்க!"

அன்றிலிருந்து 'தராசோட பேசாதீங்க' என்பது குழுவின் வேத வாக்கு. அழகுமுத்து அதை ஆட்டோவின் பின்பக்கம் எழுதி ஒட்டிவிட்டார். ஊரில் பாதிப்பேர் அது அரசியல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவரும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார். சவாரிக்காரர் ஃபோனில் கூப்பிட்டால், ஸ்டாண்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தபடியே "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பார். பிரேமினிக்கு அது பிடித்துப்போனது. புரோகிராம் எங்கே சிக்கி நிற்கிறது என்று தெரியாவிட்டால், நடுவில் 'வந்துட்டேன்' என்று அச்சிடும் ஒரு வரியை நட்டுவிடுவாள். ஓட்டும்போது அந்தச் சொல் திரையில் வந்தால் அதுவரை பாதை சரி. "ஆனா அனுப்புறதுக்கு முன்னுக்கு அழிச்சிருங்க, அழகண்ணே மாதிரி பொய் சொல்லிக்கிட்டு நிக்கும்" என்று குழுவுக்குச் சொல்லியும் வைத்தாள்.

இவ்வளவு புத்தி சொல்கிறவள் ஒரு போட்டியில்கூட முழுப்பேர் வாங்கியதில்லை. ஐந்து கேள்வியில் நாலு பச்சை, கடைசி ஒன்று எப்போதும் அரை. அவளுடைய அம்மா வேலாயி கொழுந்தெடுக்கிறவர். மகளின் போட்டியைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

"இன்னைக்கும் அரப்பேரா?"

"ஆமாம்மா."

"எனக்குத்தான் ஈரக் கொழுந்து, ஈரக் கொழுந்துன்னு தண்ணி கழிச்சு அரப்பேரு போடுறானுங்க. ஒனக்கு அங்க யாருடி தண்ணி கழிக்கிறது?"

அந்தக் கேள்விக்கும் கீபோர்டைக் கவிழ்த்து வைத்து யோசித்துப் பார்த்தாள் பிரேமினி.

போன ஞாயிறு நடந்தது கடைசிச் சுற்று. அதில் முழுப்புள்ளி எடுப்பவர்கள் கொழும்பில் நேரில் நடக்கும் இறுதிப் போட்டிக்குப் போகலாம். எடுக்காவிட்டால் அடுத்த வருடம்தான். அடுத்த வருடத்துக்கு அவளைத் தலவாக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ப்பதாக வீட்டில் பேச்சு. அங்கே ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, கணினியும் கிடையாது.

வழக்கம்போல நாலு பச்சை. ஐந்தாவது கேள்வியிலும் தொரை இருந்தார், லயம் இருந்தது. எழுதினாள், கேள்வியோடு வந்த சின்னக் கணக்கில் ஓட்டிப் பார்த்தாள், அனுப்பினாள். அரைப்பேர். சின்னக் கணக்கெல்லாம் பச்சை, பெரிய கணக்கெல்லாம் சிவப்பு. மறுபடி வாசித்தாள். வழி சரி. மாற்றி எழுதினாள், அரை. திரும்பவும் அரை. மூடுபனி ஸ்டேஷன் பக்கமிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தை ரீலோட் கார்டு ஒன்றால் மறைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அழகுமுத்து ஆட்டோவைக் கடை வாசலில் நிறுத்தினார். போட்டி நேரத்தில் அவளோடு யாரும் பேசக் கூடாது என்பதும் அவள் சட்டம்தான். அதனால் உள்ளே வராமல், வாயைப் பொத்தியபடி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மெதுவாக ஆட்டோவுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய ஃபோன் அடித்தது.

"வந்துட்டேன், வந்துட்டேன்!" என்றார் உரக்க. ஆட்டோ இன்னும் ஸ்டார்ட்கூட ஆகவில்லை.

அந்தச் சொல் பிரேமினியின் காதில் விழுந்தது.

புரோகிராமை மேலிருந்து கீழே உருட்டினாள். பெரிய கணக்கு வந்தால் மட்டும் போகிற ஒரு கிளையின் அடியில், அவள் நட்டுவிட்டு மறந்த வரி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தொரையின் ஒவ்வொரு பெரிய கணக்குக்கும் சரியான பதிலைச் சொல்வதற்கு முன்னால், அவளுடைய புரோகிராம் தராசிடம் "வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா கேட்ட தண்ணி இதுதான்.

அழித்தாள். அனுப்பினாள். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது, பனி வந்து டின்னை மூடியது, வட்டம் நின்றுவிட்டது. ஜன்னலைத் திறந்து டின்னை அறைந்தாள். வட்டம் கொஞ்சம் சுற்றியது. இன்னொரு அறை, இந்த முறை டின் நசுங்கியது.

பச்சை. மேலிருந்து கீழ்வரை பச்சை.

வெளியே அழகுமுத்து ஆட்டோவுக்குள் இருந்தே கத்தினார்: "டீச்சர், சவாரிக்காரன் ஏசுறான். பேசலாமா? என்னா பேரு, அரையா முழுசா?"

"முழுப்பேருண்ணே!"

அழகுமுத்து அடித்த ஹோர்ன் சத்தத்தில் உள்ளே முதலாளியின் குறட்டை அறுந்து, திரும்பத் தொடர்ந்தது. ஆட்டோ ஒருவழியாகக் கிளம்பிப் போனது.

பிரேமினி கணினியை நிறுத்தப் போனாள். நிறுத்தவில்லை. கதவுப் பக்கம் ஒருமுறை, உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஒருவரும் இல்லை என்று தெரிந்ததும், திரைக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டு கையையும் கூப்பி, தராசிடம் ரகசியமாகச் சொன்னாள்:

"வந்துட்டேங்க."