கைடுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

என் மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. கருங்குழியில் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் நானே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்தேன். மிச்சம் அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு ஒருவர்தான். மாமல்லபுரம் பக்கம், கடலோரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் கடல்பாசியிலிருந்து மருந்து எடுக்கிற வேலை அவளுக்கு. நாலு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஆறு மாதத்தில் டாக்டர் பட்டம். மூன்றாம் வகுப்போடு நின்ற என் வயிற்றில் பிறந்தவள். அவள் கைடை விட்டுவிட்டு விசேஷம் செய்வேனா?

அவள்தான் வேண்டாம் என்றாள். "அங்க யாரையும் கூப்டாதம்மா. வூட்டோட வெச்சிக்கலாம்."

"இன்னாடி, நம்ம வூட்டுக்கு வந்தா அவுரு கொறஞ்சி பூடுவாரா?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, பட்டுப் புடவை கட்டி, தட்டோடு ரெண்டு பஸ் மாறிப் போனேன்.

மகளுக்கு வளைகாப்பு என்றதும் அவர் எழுந்து நின்று தட்டை வாங்கினார். "எத்தனாவது மாசம்மா?"

"ஏழு முடியப் போவுது சார்."

தட்டை மேசை மேல் வைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. மருந்து நெடி இருக்கிற இடம். இனிமே அலைய வேணாம், வீட்லயே இருக்கச் சொல்லுங்க."

பெற்ற அப்பன்கூட இவ்வளவு கரிசனமாகச் சொல்லமாட்டான் என்று நினைத்தபடி வீடு திரும்பினேன். அதையே அவளிடமும் சொன்னேன். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"போன வருஷம் அங்க மாசமா இருந்த ஒரு அக்காவையும் இப்டித்தான் வூட்ல இருக்கச் சொன்னாரு. திரும்பி வந்தா அவங்க எடத்துல வேற ஆளு. அதான் நான் லேப் கோட்டப் போட்டு வயித்த மறைச்சிகினு இருந்தேன்."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?"

"சொன்னா நீ அவுராண்ட போயி சண்ட போடுவ."

போட்டிருப்பேன். அது உண்மை.

வளைகாப்புக்கு அவர் வரவில்லை. குழந்தைக்கு மூணு மாதம் ஆனதும் இவள் போனாள். இவள் எழுதி வைத்த நோட்டுகளெல்லாம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் இருந்தன. வேறு தலைப்பில் முதலிலிருந்து ஆரம்பி என்றாராம் கைடு. மேலே முறையிட்டால் இருப்பதும் போய்விடும் என்று பயந்து, பால் கட்டிய மாரோடு ஒரு வருஷம் பஸ் ஏறினாள். பிறகு நின்றுவிட்டாள். இப்போது அச்சரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள்.

ஏன் படிப்பை விட்டாய் என்று உறவுக்காரர்கள் கேட்டால், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு முடியவில்லை என்கிறாள். நானும் பக்கத்தில்தான் இருப்பேன். ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை.