பிரேக் எடை குறைத்தவர்

எண்பதுகளின் கடைசியில் இராஜபாளையத்தில் நான் லேத் பட்டறை வைத்திருந்தபோது, பஞ்சாலை பிட்டர் ஒருவர் அடிக்கடி வருவார். ஒட்டிய கன்னம், கிரீஸ் ஏறிய நகங்கள். எதை எடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார், டீ கிளாசைக்கூட. பந்தயத்துக்காக வீட்டிலேயே ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அதன் பிரேக் டிரம்மோடு வந்தார். ஏற்கெனவே இரண்டு முறை நான் கடைந்ததில் அது மெலிந்திருந்தது.

"இன்னும் செத்த எடுங்க தம்பி."

"இதுக்கு மேல எடுத்தா வெடிச்சிரும்ணே."

"பெரிய எஞ்சினுக்கு எனக்கு வக்கில்ல. எடையத்தான் கொறைக்க முடியும். இந்த வருசத்த விட்டா பொறவு ஒடம்புல தெம்பு இருக்காது."

டிரம்மை லேத் மேல் வைத்தார். கடைந்து கொடுத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் அவர் ஓட்டிப் பார்த்தபோது, பிரேக் பிடித்ததும் டிரம் பிளந்து கார் மரத்தில் மோதியது. பத்து நாள் கழித்து வலது கையில் மாவுக்கட்டோடு, புது டிரம்மைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை.

"இதப் போன தடவையவிடக் கம்மியாக் கடைங்க, போதும்."

"முடியாதுண்ணே."

டிரம்மைத் தரையில் வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டார். கட்டுப்போட்ட கை மேலே எழவில்லை. இடது கைதான் இறங்கிப் போய் அதோடு சேர்ந்தது. நான் டிரம்மைத் தொடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று அவரைக் காப்பாற்றினேனா, கைவிட்டேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.