டாக்டர் சொன்ன நாலு ராத்தல்

போன ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் ஓர் இளைஞன் என் தோளில் சாய்ந்தான்.

சாய்ந்தான் என்றால்... அன்பினால் இல்லை, மயக்கத்தினால். குளித்துவிட்டுப் படியேறி வந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். நானும் ஒரு பெட்டிக்கடைக்காரருமாகப் பிடித்து உட்கார வைத்தோம். சூடாக இரண்டு வடை உள்ளே போன பிறகுதான் பேச்சே வந்தது.

நான்கு நாட்களாக எலுமிச்சம்பழச் சாறு மட்டும்தானாம். எதற்கு இந்தத் தவம்? ஆவணியில் கல்யாணம்.

"தொந்தியோட எப்படி சார் மாலை போட்டு நிக்கது? முகூர்த்தத்துக்குள்ள பத்து கிலோ கொறைச்சிரணும்லா?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்டபடி திட்டிவிட்டேன். பாவம், வடையை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தான். கடைக்காரர்தான் குறுக்கே வந்தார். "விடுங்க அண்ணாச்சி, சின்னப் பய. இதுக்குப் போயி இவ்வளவு கோவமா?"

நியாயமான கேள்வி. அந்தக் கோபம் அவன் மேல் வந்ததே அல்ல — என் மேல் வந்தது. பன்னிரண்டு வருஷத்துப் பழைய கோபம்.

எனக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் கோமதி. கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. செங்கோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "பிள்ளை நல்ல பூரிப்பா இருக்கா" என்று கன்னத்தைத் தடவினார். சித்திரையில் நிச்சயம் ஆயிற்று. ஆவணியில் கல்யாணம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது... நான் வாயைத் திறக்கும் வரை.

மாப்பிள்ளை ஒல்லி. போட்டோவை எல்லாரும் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "மணவறைப் பலகைக்கு அவரு பக்கம் வேண்டாம், இவ பக்கம் மட்டும் ரெண்டு செங்கல் முட்டுக் குடுத்திருவோம்" என்றேன். வீடே சிரித்தது. கோமதியும் சிரித்தாள். மறுநாள் காலையில் என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் கொறையணும். என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யுதேன்."

அப்போது நான் பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த மேதாவி. தேகப்பயிற்சிப் புஸ்தகம் ஒன்று கையில் இருந்தது. போதாதா? முப்பது ராத்தல் குறைக்க வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். (கிலோ எல்லாம் வராத காலம். ஒரு ராத்தல் என்பது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.)

"எதுக்கும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்கண்ணே" என்றாள் கோமதி. கேட்டேன். தென்காசியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு டாக்டர். பொறுமையாகத்தான் சொன்னார்.

"மாசம் நாலு ராத்தல் போதும் தம்பி. சோத்துல ரெண்டு கை கொறைச்சிக்கிட்டு காய்கறியைக் கூட்டச் சொல்லு. காலையில நடக்கச் சொல்லு. அதுக்கு மேல வேகமாப் போனா கொழுப்பு மட்டும் போவாது, தெம்பும் சேந்து போயிரும்."

வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு ராத்தல்தானே ஆகிறது? என் முப்பது என்னாவது?

வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள். "டாக்டர் என்ன சொன்னாவ?"

"சரின்னுட்டாரு" என்றேன்.

பன்னிரண்டு போதாதா? இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் கேட்க எனக்குப் புத்தி இல்லை.

காலையில் வெந்நீர். மத்தியானம் ஒரு கை சோறு. சாயங்காலம் ஒரு தம்ளர் மோர், அதோடு சரி. தெருக்கோடி ரைஸ் மில்லில் ஆட்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரம் பார்த்து, நெல் மூட்டை நிறுக்கும் மெஷினில் அவளை ஏற்றி இறக்குவேன். ராத்தல் குறையக் குறைய எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவளுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. "ஏட்டி, என்னளா இது கோலம்?" என்று அம்மா அழுதாள். "டாக்டர் சொல்லித்தாம்மா செய்யுதோம்" என்று அம்மாவைச் சமாதானம் செய்தது யார் தெரியுமா? கோமதி.

ஆடிச் சாரலில் குற்றாலத்துக்குக் குளிக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, மருமகளாக வரப்போகிறவளைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வீட்டுக்கு வந்தார். கோமதி காபி கொண்டு வந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, கண் உள்ளே போய்... சாரல் காற்றில் லேசான இருமல் வேறு. தம்ளரை நீட்டினவள் தலைசுற்றி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

அந்த அம்மா காபியைக் குடிக்கவில்லை. அப்படியே ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போனார்.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் வயசுப் பெண் திடீரென்று இளைத்தால் ஒரே அர்த்தம்தான் — டி.பி. மூன்றாம் நாள் தரகர் தயங்கித் தயங்கி வந்தார். "நெஞ்சைப் படம் எடுத்துக் காட்டிட்டா மேக்கொண்டு பேசலாம்ங்காவ."

அப்பா கொதித்துவிட்டார். "எம் மவ என்ன சந்தையில நிக்க மாடா, பல்லைப் புடிச்சிப் பாக்கதுக்கு? சம்பந்தமே வேண்டாம்னு சொல்லிரும்."

அதோடு முடிந்தது. பிறகு நான்தான் அப்பாவுக்குத் தெரியாமல் அவளைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். நுரையீரலில் ஒரு பழுதும் இல்லை. படத்தை எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்கு ஓடினேன். அங்கே வேறு பெண் நிச்சயமாகியிருந்தது. நல்ல பூரிப்பான பெண்ணாம்.

'டி.பி. வந்த பிள்ளை' என்ற பேச்சு எங்கள் வீட்டு வாசலை விட்டுப் போகவே இல்லை. அடுத்த ஆறு மாதத்தில் கோமதியின் உடம்பு பழையபடி தேறிவிட்டது. வரன்தான் வரவில்லை. இப்போது குத்துக்கல்வலசையில் டீச்சராக இருக்கிறாள். என் வீட்டில்தான் இருக்கிறாள். என் குழந்தைகளுக்கு என்னைவிட அவளைத்தான் பிடிக்கும். அவளுக்கென்று ஒரு வீடு இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம்.

அந்த டாக்டர் இருக்கும் திசையில் அவள் தலைவைத்துப் படுப்பதில்லை. காய்ச்சல் என்றாலும் சுரண்டைக்கு பஸ் ஏறிப் போய் வேறு டாக்டரைத்தான் பார்ப்பாள். "அந்த மனுசன் பேச்சைக் கேட்டுல்லா நான் கெட்டேன்" என்பாள். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட, 'அவர் அப்படிச் சொல்லவில்லை, கோமதி' என்று எனக்கு வாய் வரவில்லை.

ஐந்தருவித் தம்பி, உன்னைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள். மாதம் இரண்டு கிலோவுக்குள் இருக்கட்டும். ஆவணிக்குள் தொந்தி போகாவிட்டால் ஐப்பசியில் போகட்டும். பெண் வீட்டார் உன்னைத் தொந்தியோடு பார்த்துத்தானே சம்மதித்தார்கள்?

எழுதி முடிக்கும் நேரத்தில் கோமதி எட்டிப் பார்த்தாள். "இந்த வாரம் என்னத்தண்ணே எழுதுதீய?" வழக்கமாகத் தாளை அவளிடம் நீட்டிவிடுவேன். இன்று நீட்டவில்லை. "அச்சுல வரட்டும், படி" என்றேன்.

பத்திரிகை வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பவள் அவள்தான். படிக்கட்டும்.