சுகந்தியின் குரல் எங்கே?

சுகந்தி மறுபடியும் எழுந்துவிட்டாள். சன்னலிலிருந்து கதவு, கதவிலிருந்து தொட்டில். குனிந்து பிள்ளையின் மூக்கடியில் ஆள்காட்டி விரலை வைக்கிறாள். மூச்சு வருகிறது. சுட்டுக்கொண்டவள் போல விரலை இழுத்துக்கொண்டு மீண்டும் சன்னலுக்கு. மல்பே துறைமுகத்து மீன் சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன் நேற்றையதா இன்றையதா என்று கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிடும் விரல் அது. இப்போது அதற்கே தன் மேல் நம்பிக்கையில்லை.

அவள் குரலைச் சொல்லவேண்டும். 'கானாங்கெளுத்தி' என்று கூவினால் துறைமுகத்துக்குள் வரும் படகு தானாகவே வேகம் குறையும். ஒருமுறை திமிங்கலம் ஒன்று கரையோரம் வந்து, விலை படியாமல் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பக்கத்துக் கூடைக்காரி குலாபியோடு அவள் போடும் சண்டையைக் கேட்கவே சிலர் மீன் வாங்க வருவார்கள்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அந்தக் குரலைக் காணோம். பிள்ளை பெற்றவளென்று அவள் தலையில் துணிக்கட்டு, காற்று புகாமலிருக்க இரண்டு காதிலும் பஞ்சு. அம்மா சீதக்கா மிளகுக் குழம்பை ஊற்றி, "பாலுக்கு ஆகும், தின்னும்மா" என்கிறாள். சுகந்தி பிசைகிறாள், பிசைந்துகொண்டே இருக்கிறாள். பிள்ளையை 'அது' என்கிறாள். "அது அழுவுது, நீயே எடும்மா."

பிள்ளையோடு மட்டும் கிணற்றடிக்குப் போவதில்லை. ஏனென்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள். எது மோசம் என்று நடந்தபடியே யோசிக்கிறாள்.

நேற்று குலாபி வந்தாள், கையில் பால் சுறா.

"என்னடி, சந்தையே எழவு வீடாட்டம் கெடக்கு. மகாராணி எப்ப எழுந்தருளப் போறீங்க?"

குலாபி தொட்டிலை எட்டிப் பார்த்தாள். "மூக்கு உன்னாட்டமே சப்பை. பாவம், பொம்பளப் புள்ள வேற."

வேறு நாளாயிருந்தால் கூடை பறந்திருக்கும். சுகந்தி சன்னலுக்கு நடந்தாள்.

குலாபியின் சிரிப்பு நின்றது. "சீதக்கா, சுறாவுல மணல் கெடக்கு, நல்லா அலசுங்க" என்று அம்மாவைக் கொல்லைக்கு அனுப்பிவிட்டு, சுகந்தியின் நடைக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"வைடி என்னை. ஒரே ஒரு வசவு வை."

சுகந்திக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண்ணீர்தான் கொட்டியது.

ஊருக்கே கேட்கப் பேசிப் பழகிய குலாபி, கொல்லைப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் நடுவுள்ளவன் பொறந்தப்ப இப்படித்தாண்டி இருந்துச்சு. யாரு வீட்டுப் புள்ளையோன்னு தோணும். கெணத்தப் பாத்தா, புள்ளையோட கிட்டப் போகவே பயமா இருக்கும். பேயுமில்ல, பிசாசுமில்ல. ஆஸ்பத்திரில மருந்து குடுத்தாங்க, மெல்லத் தெளிஞ்சுது. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

பஞ்சைத் தாண்டி எல்லாம் வந்து சேரவில்லை. கிணறு மட்டும் வந்து சேர்ந்தது.

சுகந்தி தலைக்கட்டைத் தளர்த்தினாள். ஒரு காதின் பஞ்சைப் பிடுங்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு, அந்தக் காதைக் குலாபியின் வாயருகே கொண்டுபோனாள்.