மாஷிமாவின் ஹலோ

சென்ற ஞாயிறு, டெக்ஸாஸில் இருக்கும் தங்கை மகள் நித்யாவோடு வெப்கேமில் பேசிக்கொண்டிருந்தேன். பத்து வயது. படம் இரண்டு நொடி அசையாமல் நின்றுவிட்டது. அவ்வளவுதான்... "என்ன பெரியம்மா, உங்க இன்டர்நெட் இவ்ளோ ஸ்லோ!" என்று முகத்தைச் சுளித்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யார் சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

அவள் பிறந்தபோது நாங்கள் கல்கத்தாவில், கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். அரசு நிறுவனம் ஒன்று அப்போதுதான் மலிவாக இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்திருந்தது. படம் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. அதற்கே என் கணவர் க்யூவில் நின்று, இரண்டு தடவை ஃபாரம் நிரப்பி, தங்க மெடல் வாங்கியவர் போல வீடு திரும்பினார்.

ஆனால் ஃபோன்? அது கீழ்வீட்டு மாஷிமாவுடையது. மாஷிமா என்றால் நம் சித்தி, பெரியம்மா மாதிரி. வீட்டுக்கார அம்மாளை அப்படித்தான் கூப்பிட்டோம். எங்களுக்கு லைன் கிடைக்க வருஷக்கணக்காகும் என்று, அவரே தன் லைனிலிருந்து மாடிக்கு ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார்.

தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். பிரஷர் எகிறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "ஆபரேஷன் செய்யப் போகிறார்கள். முடிந்ததும் மெயில் அனுப்புகிறேன்" என்று மாப்பிள்ளை ஒரு வரி எழுதியிருந்தார். மறுநாள் காலை அந்த மெயில் வந்துவிட்டதா என்று பார்க்க உட்கார்ந்தோம்.

கணவர் டயல் செய்தார். ஃபோன் லைனில் செருகியிருந்த மோடம் கிறீச்சிட்டது. கனெக்‌ஷன் கிடைக்கப்போகும் நேரத்தில்... கட்!

மறுபடி டயல். மறுபடி கட். மூன்றாவது முறையும் அதே கதி.

"கவர்மென்ட் சர்வீஸ்தானே? இப்படித்தான் இருக்கும்!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த நிறுவனம்.

நாலாவது முறை மோடம் கத்தும்போதே கீழேயிருந்து இன்னொரு கத்தல் — "ஹலோ! ஹலோ! ஆமெரிகா? ஜோரே போலுன்!"

சத்தமாகப் பேசச் சொல்கிறார்... மோடத்தை!

படபடவென்று இறங்கி ஓடினேன். மாஷிமா இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் ஈரம். விஷயம் இதுதான்: நாங்கள் மேலே டயல் செய்யும்போதெல்லாம் கீழே அவர் ஃபோன் 'டிங் டிங்' என்றிருக்கிறது. தங்கையைப் பற்றிய சேதிதான் என்று ஒவ்வொரு தடவையும் பாய்ந்து எடுத்திருக்கிறார். ஒரே லைன் ஆயிற்றே, அவர் ரிசீவரைத் தூக்கிய நொடியே மேலே எங்கள் கனெக்‌ஷன் கட்!

"அந்த கிறீச் சத்தம் கேக்கலையா மாஷிமா?"

"கடல் தாண்டி வர்ற ஃபோன் ஆச்சே, கத்தாதா?" என்றார் வங்காளத்தில். "வெச்சுட்டா உன் தங்கச்சி சேதி போயிடுமேன்னு விடாம பிடிச்சுட்டிருந்தேன் மா."

திட்டத்தான் போனேன். அதற்குப் பதில் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். ஐந்தாவது முறை. மோடம் கத்தி ஓயும் வரை "துர்கா, துர்கா" என்று கைகூப்பியபடியே இருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன — பெண் குழந்தை. இருவரும் நலம்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். மூட்டுவலிக்கார மாஷிமாவோ மடமடவென்று படியிறங்கினார். சாயங்கால பூஜைக்கு மட்டுமே ஊதும் சங்கைக் காலை பத்து மணிக்கு ஊதினார். "யார் வீட்டில் என்ன விசேஷம்?" என்று சந்தே எட்டிப் பார்த்தது.

இதையெல்லாம் நித்யாவிடம் சொல்லி முடிப்பதற்குள் படம் மறுபடியும் நின்றது. நின்றால் நிற்கட்டும். லைன் கட்டானால் எனக்கு இப்போதெல்லாம் கோபமே வருவதில்லை... எங்கேயோ ஒரு மாஷிமா, நமக்காக ரிசீவரைத் தூக்கிவிட்டார் போலிருக்கிறது!